கார்னரில் நிற்பவனுக்கு எத்தனை மார்க்?

கபடியில் பிடி ஆடுகிற ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, அவன் ஆடுவதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் உங்கள் எண் என்ன என்பதை நீங்கள் கொண்டுவரும் சான்றிதழ்தான் தீர்மானிக்கிறது. சர்வதேசப் போட்டி என்றால் மேல்தட்டு, தேசியப் போட்டி அடுத்த தட்டு, அதற்குக் கீழே மாநிலம். பதக்கம் வாங்கியிருந்தால் கூடுதல், கலந்துகொண்டது மட்டும் என்றால் குறைவு. சரிபார்க்கிறவர்கள் முத்திரையைப் பார்ப்பார்கள், கையெழுத்தைப் பார்ப்பார்கள், தேதியைப் பார்ப்பார்கள். பையன் எதிரே உட்கார்ந்திருப்பான்.

கலைக் கல்லூரிகளில் கொஞ்சம் வேறு மாதிரி. சில இடங்களில் ட்ரையல் வைக்கிறார்கள். உயரம், எடை, 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், ஷட்டில் ரன். அதெல்லாம் முடிந்து வெயில் ஏறுவதற்குள் நேரம் மிச்சமிருந்தால் பத்து நிமிஷம் ஆட விடுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் பாடிப் போகிறவன் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் எல்லார் கண்ணிலும் படுவான். கார்னரில் நிற்கிறவன் பத்து நிமிஷமும் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவான்.

இந்த இரண்டு முறையுமே பிடி ஆடுகிறவனைக் கண்டுபிடிக்க லாயக்கற்றவை என்பது என் கட்சி. விளையாட்டுக் கல்வி நிபுணனாக இதைச் சொல்லவில்லை. நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் தவறான அளவுகோலை வைத்து ஆளெடுப்பது எப்படி என்பதில் என் தொழிலுக்கு நல்ல அனுபவம் உண்டு. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் கல்லூரியிலும் 60 சதவீதம் இருந்தால்தான் தேர்வறைக்குள்ளேயே விடுவோம் என்று சொன்ன நிறுவனங்களின் வரிசையில் நின்றவன் நான். அந்த 60-க்கும் நிரல் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

கார்னர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கபடி படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. 'கில்லி', 'வெண்ணிலா கபடிக் குழு', இப்போது 'பைசன்' என எதை எடுத்தாலும் கேமரா பாடிப் போகிறவன் பின்னாலேயே ஓடுகிறது. ஆட்டத்தின் மறுபாதியில் ஏழு பேர் நிற்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் கார்னர், அவர்களுக்கு அடுத்து இன், அடுத்து கவர், நடுவில் சென்டர். ஆண்கள் ஆடும் மேட் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதிதான் இவர்களுடையது. வருகிறவனுக்கு 30 விநாடி.

அந்த 30 விநாடியில் லெஃப்ட் கார்னர் என்ன செய்கிறான்? பெரும்பாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. ரெய்டரின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போனஸ் கோட்டைத் தாண்ட ஒரு காலை நீட்டும்போது ரெய்டரின் மொத்த எடையும் பின்னால் நிற்கும் ஒற்றைக் காலில் இருக்கும். அந்த நேரத்தில் கணுக்காலைப் பிடித்தால் ஆள் காலி. அரை விநாடி முந்திப் பாய்ந்தால் அவன் காலை இழுத்துக்கொண்டு முதுகில் தட்டிவிட்டுப் போவான். அரை விநாடி பிந்தினால் போனஸ் போய்விடும். இதோடு கணக்கும் இருக்கிறது. இதற்கு முந்தைய இரண்டு ரெய்டும் வெறுமையாகப் போயிருந்தால் இது செத்தாலும் பிழைத்தாலும் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய மூன்றாவது ரெய்டு. அவன் எப்படியும் உள்ளே வருவான், நாம் அவசரப்பட வேண்டாம். நம் பக்கம் மூன்று பேரே மிச்சமிருந்தால் பிடிக்கு இரண்டு புள்ளி, துணியலாம். பக்கத்தில் இன் நிற்பவன் பயந்த சுபாவம் என்றால் அவன் கையை ஒரு அழுத்து அழுத்தி இருக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவையும் மனதில் ஓட்டிக்கொண்டு ஒருவன் சும்மா நிற்பதுபோல நிற்பதற்குப் பெயர்தான் கார்னர் ஆட்டம்.

இதில் எது 30 மீட்டர் ஓட்டத்தில் தெரியும்? கார்னர் ஆட்டம் முழுக்க ஒரே மூச்சில் 30 மீட்டர் ஓடும் தேவை யாருக்கும் வருவதில்லை. மேட்டிலேயே அவ்வளவு இடம் கிடையாது.

"சரி, அப்போ புள்ளிவிவரம் வெச்சுப் பார்க்கலாமே" என்று என் அலுவலக நண்பர்கள் சொல்வார்கள். 2014-இல் புரோ கபடி லீக் வந்தபிறகு டேக்கிள் புள்ளி, ஹை 5 என்று எல்லாமே எண்ணாகிவிட்டது. அந்த லீக்கின் டேக்கிள் புள்ளிப் பட்டியலில் உச்சியில் இருப்பவர் ஈரான்காரரான ஃபசல் அத்ராசலி, அவரும் லெஃப்ட் கார்னர்தான். எனக்கு எண்கள் மேல் வெறுப்பில்லை, சோறு போடுவதே அதுதான். ஆனால் பள்ளி அளவிலும் ஊர் அளவிலும் இந்த எண் கவிழ்ந்துபோகும். ஒரு ஓரத்தில் நல்ல பிடிக்காரன் நிற்கிறான் என்று தெரிந்தால் ரெய்டர் அந்தப் பக்கம் போகவே மாட்டான். மறு ஓரத்திலேயே சுற்றுவான். மறு ஓரத்தில் நிற்கிறவனுக்கு நாலு டேக்கிள் வரும், நாலு முறை அவுட்டும் ஆவான். இவன் பெயருக்கு நேரே ஸ்கோர் ஷீட்டில் பூஜ்யம். தவிர, செயின் போட்டுப் பிடிக்கும்போது கணுக்காலைக் கவ்வியவன் ஒருவன், மேலே விழுந்து அமுக்கியவர்கள் இரண்டு பேர், புள்ளி எழுதப்படுவது ஒருவன் பெயரில். ரெய்டர் 30 விநாடியும் பயந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அது யார் கணக்கிலும் ஏறாது. காவலின் ஆகச்சிறந்த விளைவே அந்த வெறுங்கைதான்.

இது வெறும் தர்க்கம் என்று நினைப்பவர்களுக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வெண்ணாற்றங்கரைப் பையன் ஒருவன். ஊரில் பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் மின்னொளி கபடிக்குப் போவது எனக்கு வழக்கம். இரண்டு வருஷம் அவன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன், 65 கிலோ பிரிவில். உயரம் ஐந்தரை அடி. பேச்சே கிடையாது. சம்பா அறுத்த வயலில் மண்ணைச் சமப்படுத்தித் தண்ணீர் தெளித்து, நாலு மூலையிலும் விளக்குக் கட்டி, இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். மைக்கில் இருப்பவர் ரெய்டர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூவுவார். இவனுக்கு அவர் வைத்த பெயர் 'கதவு'. அந்தப் பக்கம் திறக்காது என்று அர்த்தம்.

பிளஸ் டூ முடிந்ததும் ஒரு கல்லூரியின் ட்ரையலுக்குப் போனான். பெயர் வேண்டாம். விண்ணப்பத்தை ஏற்றிக் கொடுத்தவன் என்பதால் நானும் கூடப் போனேன். கையில் மூன்று மாவட்டச் சான்றிதழ், மாநிலச் சான்றிதழ் இல்லை. ஓட்டத்தில் நடுவில் வந்தான். தாண்டுவதில் கடைசிக்கு முந்தி. பிறகு மேட். வாழ்க்கையில் அதிகமும் வெறுங்காலோடு மண்ணில் ஆடியவன், இரவல் ஷூ போட்டிருந்தான். அதுகூடப் பரவாயில்லை. எதிர்ப்பக்கம் பாடி வந்தவன் நீடாமங்கலம் பக்கத்துப் பையன், இவனோடு தை மாசி முழுக்க ஆடியவன். அவனுக்கும் சீட் வேண்டுமே? பத்து நிமிஷத்தில் ஒரு தடவைகூட இவன் நின்ற ஓரத்துக்கு வரவில்லை. அடுத்த ஓரத்தில் போய் ஐந்து பேரைத் தொட்டான். பட்டியலில் அவன் பெயர் இருந்தது, அவன் அதற்குத் தகுதியானவன்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. இவனுக்கு என்ன குறை என்று கேட்டேன்.

"பெர்ஃபார்மன்ஸ் ஒண்ணும் தெரியலையே சார்" என்றார் அங்கே இருந்தவர். குரலில் கெடுதல் இல்லை, அவருக்கு அன்று நூறு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அந்த ரெய்டர் ஏன் சார் இந்தப் பக்கமே வரலை?" என்று கேட்டேன்.

"அது அவன் ஸ்டைலு."

பையன் இப்போது அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போகிறான். அறுப்பு இல்லாத மாதங்களில் திருப்பூர். அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒரு பி.ஏ. இடமும் ஹாஸ்டல் சாப்பாடும் கிடைத்திருந்தால், மூன்று வருஷம் பல்கலைக்கழக அணியில் ஆடியிருப்பான். ரயில்வேயோ போலீஸோ கண்ணில் பட்டிருக்கலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குக் கல்லூரி அணி வேண்டும், கல்லூரி அணிக்கு அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் ஒரு ரெய்டர் தன் சீட்டைப் பணயம் வைத்து இவன் பக்கம் வந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு உடையில் இருக்கிறது. அவர்களுடைய ஃபுட்பாலில் லைன்பேக்கர் என்று ஒரு இடம். முன்வரிசைக்குப் பின்னால் நின்று, எதிரணி என்ன செய்யப்போகிறது என்று படித்துப் பாய்ந்து பிடிக்கிறவன். ஏறத்தாழ நம் கார்னரின் மனநிலைதான். பள்ளியில் ஆடும் பையனைக் கல்லூரிக்கு எடுக்க அவர்களும் உயரம், எடை, 40 கஜ ஓட்டம் எல்லாம் அளக்கிறார்கள், நட்சத்திரம் கொடுக்கிறார்கள், அந்தப் பைத்தியம் அங்கே நம்மைவிட முற்றியது. சாம் மில்ஸ் என்றொரு லைன்பேக்கர், உயரம் 5 அடி 9 அங்குலம். அந்த இடத்துக்குக் குள்ளம் என்று தொழில்முறை அணிகள் தட்டிக்கழித்தன. பள்ளியில் புகைப்படக் கலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு லீக்கில் ஆடி, 1986-இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு வந்து, கடைசியில் 2022-இல் அவர்களுடைய ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அப்போது அவர் உயிரோடு இல்லை.

ஆனால் அங்கே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போனேன். அவர்கள் 'ஃபிலிம்' பார்ப்பார்கள். பையன் பள்ளிக்காக ஆடிய முழு ஆட்டங்களின் பதிவை வாங்கி, பந்து இவன் பக்கம் வராதபோது இவன் என்ன செய்கிறான் என்று ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்து பார்ப்பார். ஸ்டாப்வாட்ச் சொல்லாததை அதில் தேடுவார். தவறும் செய்வார், ஆனால் ஆட்டத்தைப் பார்த்துத் தவறு செய்வார்.

அவ்வளவு தூரம் போகாமல் நம் மண்ணிலேயே பேசலாம். தர்மராஜ் சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1975-இல் பிறந்தவர். கார்னர். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடியின் நான்காவது சீசனை வென்றபோது அதன் கேப்டன். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. நாடெங்கும் கூட ஆடுகிறவர்கள் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். அந்த வருஷம் அவரை நம் கல்லூரி ட்ரையல் மைதானத்துக்குக் கூட்டிவந்து, பதினெட்டு வயதுப் பையன்களோடு ஓடவிட்டு, தாண்டவிட்டு, பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதியிருந்தால் பட்டியலில் எந்த இடம் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. சான்றிதழை எடுத்துவிட்டு 'பார்த்து' எடுக்கலாம் என்றால் யார் பார்ப்பார்கள்? டெல்டாவில் பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் தெரிவது பையனின் தெரு, அவன் அப்பா யார், எந்த மிராசு வீட்டுக்கு வேண்டியவன் என்பது. ஊர் அணிகளே பல இடங்களில் தெருவாரியாகப் பிரிந்துதான் ஆடுகின்றன. சிபாரிசுக் கடிதத்துக்கு முன்னால் சான்றிதழ் ஒன்றுதான் ஏழைப் பிள்ளைக்குக் கவசம், எண் பேசும், சாதி பேசாது. எனக்குத் தெரிந்த நல்ல உடற்கல்வி ஆசிரியர்கள் சிலரே இப்படி நினைக்கிறார்கள். ஒருவர் என்னிடம் சொன்னது: "தம்பி, நீங்க சொல்ற மாதிரி பார்த்து எடுக்கலாம்னு வெச்சா, என் பசங்கள ஒருத்தனும் பார்க்க மாட்டான். பேப்பர் இருந்தா மறுக்க முடியாது."

அவருக்கு மரியாதையோடு என் பதில்: அந்த பேப்பர் எங்கிருந்து வருகிறது? மாநிலப் பள்ளி அணிக்கு ஆள் எடுப்பது யார்? 38 மாவட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள் என்றால், அந்தப் பன்னிரண்டு பேரை ஒரு நாள், ஒரு மைதானத்தில், சிலர் நின்று பார்த்துத்தான் எடுத்தார்கள். அவர்களுக்கும் கண் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கும் தெரு தெரியும். அந்தத் தேர்வு எப்படி நடந்தது, யாரை ஏன் விட்டார்கள் என்று எங்கேயும் எழுதிவைக்கப்படுவதில்லை. பதினாறு வயதில் ஒரு சின்னக் கூட்டம் எடுத்த முடிவு, பதினெட்டு வயதில் முத்திரை குத்திய மதிப்பெண்ணாகக் கலந்தாய்வு மேசைக்கு வந்து சேர்கிறது. மனிதத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது. யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்துக்கு அதை இரண்டு வருஷம் முன்னாலேயே நகர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். மென்பொருளில் இதை நாங்கள் தினமும் செய்கிறோம். பழைய ஆட்களின் பழைய முடிவுகளைத் தரவு என்று பெயர் மாற்றி இயந்திரத்துக்கு ஊட்டிவிட்டு, வெளியே வருவதை நடுநிலை என்கிறோம்.

கவசம் எவ்வளவு உறுதி என்பதையும் பார்த்துவிட்டோம். 2023-இல் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து 200-க்கும் மேற்பட்ட மாணவர்கள் போகவே முடியவில்லை. காயமில்லை, தோல்வியில்லை. போட்டி பற்றிய தகவல் உரிய நேரத்தில் கீழே போய்ச் சேரவில்லை. அதிகாரி மேல் நடவடிக்கை வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் போனது போனதுதான். ஒரு கடிதம் ஒரு மேசையில் தங்கிவிட்டால் அந்த வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு தட்டு கீழே இறங்கிவிடுவார்கள் என்றால், அந்தத் தட்டு எதை அளக்கிறது?

வடுவூரைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் போகிறவர்களுக்குப் பறவைகள் சரணாலயமும் கோதண்டராமர் கோயிலும் தெரியும். கபடிக்காரர்களுக்கு அந்த ஊர் வேறு மாதிரி தெரியும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பையன்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா. இரண்டு பேருக்கும் அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்தி வந்த வாரத்தில் நான் பார்த்த பதிவுகள் எல்லாம் ஒரே பாட்டு: 'திறமை இருந்தா எப்படியும் வெளிய வந்துடும்.' வராது. வந்தவர்களை வைத்து அப்படிச் சொல்கிறோம். ஒரு அபினேஷ் மேட்டில் வளர வேண்டுமென்றால் அவனைத் தினமும் சோதித்த ரெய்டர்களும், அவன் பக்கத்தில் நின்ற இன்னும் ஆறு பேரும் வேண்டும். கபடியை யாரும் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாது. அந்த ஆறு பேருக்கு என்ன படிப்பு, என்ன வேலை என்று யாரும் பதிவு போடுவதில்லை.

அப்போ என்னதான் பண்ணணும் என்று கேட்பீர்கள். பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. நம் ஊர்ப் பையன்களிடம் ஃபிலிம் ஏற்கெனவே இருக்கிறது. மின்னொளி ஆட்டங்களில் பாதிக்கு மேல் யூடியூபில் நேரலையாகப் போகின்றன, ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம், வர்ணனையோடு. கட்டுத்தறியில் மாடு அசைபோடுவதுகூடப் பின்னணியில் தெரியும். விண்ணப்பத்தில் சான்றிதழுக்கு இடம் இருப்பதுபோல மூன்று முழு ஆட்டங்களின் இணைப்புக்கு ஒரு இடம் வையுங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், ஹைலைட்ஸில் கார்னர் இருக்க மாட்டான். ட்ரையல் வைத்தால் பத்து நிமிஷம் வைக்காதீர்கள், முழு ஆட்டம் ஆடவிடுங்கள். அணிகளை மாற்றி மாற்றிக் கலக்குங்கள், எதிரே வருகிற ரெய்டரில் ஒருவராவது சீட் தேவைப்படாத சீனியராக இருக்கட்டும், எல்லா ஓரத்துக்கும் போகச் சொல்லி அவரிடம் சொல்லிவிடுங்கள். பனியனில் எண் மட்டும். மதிப்பெண் போடுகிறவர்களில் இரண்டு பேர் வேறு மாவட்டம். எடுத்தவனுக்கும் விட்டவனுக்கும் காரணம் இரண்டு வரி எழுதட்டும், மொத்தத்தையும் பதிவு செய்து பொதுவில் போடுங்கள். சாதி பார்த்து எடுத்தால் அந்த இரண்டு வரியில் மாட்டிக்கொள்வார்கள். சான்றிதழில் மாட்டிக்கொள்ள யாரும் இல்லை. சான்றிதழைக் கிழித்துப்போடவும் சொல்லவில்லை, பாதி மதிப்பெண் அதற்கு இருக்கட்டும். மீதிப் பாதி கபடிக்கு வேண்டும்.

'அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு' என்பார்கள். ஒரு ஆட்டம் ஆண்களுக்கே 40 நிமிஷம்தான். எங்கள் துறையில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுக்க நான்கு சுற்று நேர்காணல் வைக்கிறோம், நாலும் சேர்ந்து அதைவிட அதிகம். அவனையும் தப்பாகத்தான் எடுக்கிறோம் என்பது வேறு கதை.

தை பிறந்ததும் ஃப்ளெக்ஸ் வைத்துவிடுவார்கள், எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை கிலோ பிரிவு, சுழற்கோப்பை யார் நினைவாக என்று. தேர்வுக் குழுவில் இருக்கும் யாராவது ஒருவர் தஞ்சாவூரில் மன்னார்குடி பஸ் ஏறினால் போதும், கண்டக்டரே எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொல்வார். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், பனி இருக்கும். உட்கார நாற்காலி கேட்டால் போடுவார்கள், ஆனால் நடுவில் போடுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு இடது ஓரத்துக்குப் போய்விடுங்கள்.